நேப்பாள ஜாகா கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கடைக்கார அக்கா, சுங்கை சிப்புட்:

வணக்கம். இங்கே மலேசியாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக் சோறும் தே தண்ணீரும் விற்கிறேன். அங்கே ஜாகா (காவலாளி) வேலை பார்க்கும் தம்பி நேப்பாளத்து ஜனக்பூர்க்காரர். சீதை பிறந்த மிதிலை அதுதான் என்று அவர் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தே கொஞ்சம் கெட்டியாகவே போடுகிறேன்.

நேற்று ஷிப்ட் மாறும் நேரத்தில் ஊர்க் கதை சொன்னார். பாதி மலாய், பாதி கைஜாடை. மேசையில் சிந்திக் கிடந்த சர்க்கரையில் விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே மலை, கீழே சமவெளி. 2015 செப்டம்பர் 20-இல் புது அரசியலமைப்பு வந்து நாட்டை 7 மாநிலங்களாகப் பிரித்தது. சமவெளியில் வாழும் மதேசிகள் அந்தச் சமவெளி முழுவதையும் ஒரே மாநிலமாகக் கேட்டிருந்தார்கள். கிடைத்தது 8 மாவட்டங்கள் உள்ள ஒரு துண்டு. மிச்சத்தைத் துண்டு துண்டாக மலைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிட்டார்கள். போராட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். இந்திய எல்லையில் மாதக்கணக்கில் லாரி வரவில்லை, அவர் அம்மா கேஸ் இல்லாமல் விறகில்தான் சமைத்தாராம்.

அப்புறம் கேட்டார்: "காக் (அக்கா), நீங்கள் நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறீர்களே, உங்களுக்கென்று ஒரு மாநிலம் ஏன் கேட்கவில்லை?" எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பீடோர்:

தங்கச்சி, மாநிலம் கேட்க முதலில் ஓரிடத்தில் கூட்டமாக இருக்க வேண்டும். நம் ஆட்களைக் கித்தா (ரப்பர்) நட்ட இடத்திலெல்லாம் இறக்கினார்கள். கெடாவில் ஒரு தோட்டம், ஜொகூரில் ஒரு தோட்டம். எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் நாம் சிறுபான்மைதான்.

நேப்பாளத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. நாடெங்கும் சிதறி வாழும் தலித்துகளுக்கு நிலமே இல்லாத ஒரு மாநிலம் தரலாம் என்று 2012-இல் அங்கே மாநிலச் சீரமைப்பு ஆணையம் பரிந்துரைத்தது. படித்தபோது எனக்கு நம் தோட்டத்து லயங்கள், அந்த வரிசை வீடுகள்தான் கண்முன் வந்தன. அது நடக்கவில்லை.

இங்கே அரசியலமைப்பை வரைய 1956-இல் வந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆட்கள். மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. சுல்தான்களின் ஒன்பது மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் ஏற்கெனவே கூட்டரசாக இருந்தன, அந்த எல்லைகளே நிலைத்தன. நமக்குக் கிடைத்தது அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு. தேசிய மொழி மலாய், ஆனால் பிற மொழியைக் கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது. தமிழ், சீனப் பள்ளிகளுக்கு எதிரான வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் பள்ளிகள் பக்கம் நின்றது. 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அன்று நான் அழுதேன். முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவன் அம்மா நான்.

சட்ட மாணவன், கிள்ளான்:

ஐயா, தடுக்கக் கூடாது என்று எழுதினால் போதுமா? தோட்டத்தை விற்றுக் குடும்பங்கள் தாமானுக்கு (புதுக் குடியிருப்புப் பகுதிக்கு) போனால், தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் ஏது? அதை எந்தப் பிரிவும் காப்பாற்றவில்லை. மாநிலம் இருந்தால் பட்ஜெட்டாவது நம் கையில் இருக்கும். எத்தியோப்பியாவின் 1995 அரசியலமைப்பு ஒவ்வோர் இனத்துக்கும் பிரிந்து போகும் உரிமைவரை தருகிறது. அங்கே சிடாமா என்ற இன மக்கள் 2019-இல் வாக்களித்து அடுத்த ஆண்டே தனி மாநிலம் பெற்றார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பீடோர்:

பள்ளி விஷயத்தில் நீ சொல்வது சரி தம்பி. ஆனால் சிடாமாவுக்கு நிலம் இருந்தது. அதே எத்தியோப்பியாவில் அடுத்த இனத்தின் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவனை 'நீ வந்தேறி' என்று விரட்டியதும் நடந்தது. அந்த வார்த்தையை நாம் இங்கே கேட்கவில்லையா?

கடைக்கார அக்கா:

ஐயா, அந்த வார்த்தையைப் படித்ததும் பெட்டியைத் திறந்து பாட்டியின் சிவப்பு ஐசியை, அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டையை, எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மடங்கிப் போயிருக்கிறது. பாட்டியும் அம்மாவும் ஒரே தோட்டத்து லயத்தில்தான் பிறந்தார்கள். அம்மா 1958, மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) பிறகு, அதனால் பிறப்பாலேயே குடியுரிமை, நீல ஐசி. பாட்டி அதற்கு முன்னால் பிறந்தவர், மனுப் போட வேண்டும். அலுவலகத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். மருத்துவச்சி பார்த்த பிரசவத்துக்குப் பத்திரம் எங்கே? கடைசிவரை சிவப்புதான்.

இன்று இரவு தம்பியிடம் இரண்டு ஐசியையும் காட்டப் போகிறேன். ஐயா, அந்த 152-ஐ மலாயில் உள்ளபடியே இங்கே போடுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, நான் வாசித்துக் காட்ட வேண்டும்.