2016 ஸ்விஃப்ட்: டீசலா, பெட்ரோலா? (மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்)

மண்டபம்_தம்பி:
அண்ணன்மாரே, வீட்டுக்கு முதல் கார், பழசுதான் வாங்குறேன். ராமநாதபுரம் வேலைக்கு பஸ்ஸுலயே போயிருவேன். அம்மாவை மாசம் ரெண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், மத்தபடி உள்ளூர் ஓட்டம். மாசம் 800 கிலோமீட்டர் வரும். பார்த்து வச்சிருக்கிறது ரெண்டுமே 2016 ஸ்விஃப்ட். டீசல் 4.40 லட்சம், மீட்டர்ல 92 ஆயிரம். பெட்ரோல் 3.90 லட்சம், 58 ஆயிரம். எதை எடுக்கலாம்?

உச்சிப்புளி_டீசல்:
இதுல கேள்வியே இல்ல, டீசல். அந்த 1.3 இன்ஜினைத் தெரியாத மெக்கானிக் நம்ம பக்கம் கிடையாது. பரமக்குடி தாண்டி நாலுவழிச் சாலையில ஏறிட்டா லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கும். ஏசி போட்டு அஞ்சு பேர் ஏறினாலும் திணறாது.

கீழக்கரை_காக்கா:
தம்பி, கணக்கைப் போட்டுப் பாரு. பெட்ரோல் 101, டீசல் 92-ன்னு வச்சுக்குவோம். பெட்ரோல் வண்டி 16, டீசல் வண்டி 20 கொடுக்குதுன்னு வை. 800 கிலோமீட்டருக்கு பெட்ரோல் 5,050 ரூபாய், டீசல் 3,680. மாசம் மிச்சம் 1,370. கூடக் கொடுக்குற 50 ஆயிரத்தை எடுக்க மூணு வருஷம் ஆயிரும். நடுவுல இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புற டர்போவோ, டீசலைப் பீச்சுற இன்ஜெக்டரோ போச்சுன்னா மிச்சம் பிடிச்சது மொத்தமும் ஒரே பில்லுல காலி. டீசல் லாபம்ங்கிறது 2012 பேச்சு. அப்ப லிட்டருக்கு 30 ரூபாய் வித்தியாசம் இருந்துச்சு. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததோட அந்தக் காலம் போயிருச்சு.

உச்சிப்புளி_டீசல்:
காக்கா, இப்ப பங்குல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்கு இதனால 6-7 சதவீதம் மைலேஜ் குறையும்னு 2021-லயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லியிருக்கு. உங்க 16 இப்ப 15. மறுபடி போட்டுப் பாருங்க, மாசம் 1,700 மிச்சம், ரெண்டரை வருஷத்துல காசு கையில. எத்தனாலுக்குன்னு செய்யாத ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் எத்தனை வருஷம் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க.

கீழக்கரை_காக்கா:
ஹோஸ் மாத்துற செலவையும் இன்ஜெக்டர் செலவையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. இன்னொன்னு, 2016 டீசல் வண்டி வெறும் 92 ஆயிரம்தானா? சும்மா நிறுத்தி வைக்கவா அன்னைக்குக் கூடக் காசு கொடுத்து டீசல் வாங்கினாங்க? மீட்டரைத் திருப்பியிருப்பாங்க.

பாம்பன்_பட்டறை:
ரெண்டு பேரும் இன்ஜினைப் பத்தியே பேசுறீங்க. நம்ம கரையில வண்டி சாகுறது இன்ஜினால இல்ல, உப்புக்காத்தால. தம்பி, முதல்ல ரெண்டு வண்டியையும் லிஃப்ட்ல ஏத்து. பிரேக் பைப், சஸ்பென்ஷன் ஆர்ம், சைலன்சர், கதவுக்குக் கீழ இருக்குற பட்டை எல்லாத்தையும் ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாரு, பொலபொலன்னு உதிர்ந்தா எழுந்து வந்துரு. கால் வைக்கிற இடத்துல விரிச்சிருக்குற மேட்டைத் தூக்கிப் பாரு, டிக்கியில ஸ்டெப்னி இருக்குற குழியையும் பாரு. அடியில புதுசா கறுப்புப் பூச்சு அடிச்சிருந்தா சந்தேகப்படு. தனுஷ்கோடிக்கு ஓட்டிட்டுப் போயி கழுவாமலே நிறுத்துற வண்டிங்க அடிப்பக்கம் எப்படி இருக்கும்னு நான் தினம் பார்க்கிறேன். சில பேர் கழுவுவாங்க, உப்புப் போர்த் தண்ணியில! அதுக்குக் கழுவாமலே விடலாம்.

மீட்டர் விஷயத்துல காக்கா சொல்றது சரி. வண்டி நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேளு. பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேஞ்சிருக்கான்னு பாரு. முன்னாடி மஞ்சள் போர்டுல ஓடி வெள்ளைக்கு மாறினதான்னு ஆர்சியில தெரியும். ராமேஸ்வரம் டூரிஸ்ட் ஓட்டம் ஓடின வண்டியா இருந்தா 92 ஆயிரத்தை நம்பாத.

உச்சிப்புளி_டீசல்:
அப்படிப் பார்த்தா உப்பு பெட்ரோல் வண்டியையும்தானே தின்னும்?

பாம்பன்_பட்டறை:
தின்னும். ஆனா டீசல்ல இன்னொரு வேலையும் இருக்கு. மீன்பிடி போட்டுக்குன்னு பேரல்ல வச்ச டீசலை காருக்கும் ஊத்துற ஆளுங்க உண்டு. மானிய டீசலை அப்படி ஊத்துறது தப்புங்கிறது ஒரு பக்கம், அதுல தண்ணி இருந்தா இன்ஜெக்டர் போயிரும். டீசல் ஃபில்டரைக் கழட்டித் தண்ணி நிக்குதான்னு பாரு.

மண்டபம்_தம்பி:
ஒருத்தர் டெல்லி வண்டி எடு, சல்லிசுன்னு சொல்றாரே? 2020-க்கு அப்புறம் வந்த வேற டீசல் கார் எப்படி?

கீழக்கரை_காக்கா:
அங்க பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குக் கெடுபிடி வந்துச்சு, அதான் தள்ளிவிடுறாங்க. அந்த ஆர்டிஓ-கிட்ட என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்க வரி கட்டி, நம்பர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள சல்லிசு எல்லாம் போயிரும். அலைச்சல் தனி.

பாம்பன்_பட்டறை:
2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்தது பிஎஸ்-6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. புகைக்கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில ஒரு ஃபில்டர் இருக்கும். வேகமா நீண்ட ஓட்டம் ஓடினாத்தான் அந்தக் கரி எரியும். மண்டபத்துக்குள்ளயே கடைக்கும் ஸ்டேஷனுக்கும் ஓட்டினா அடைச்சிக்கும். உனக்கு அது வேணாம்.

மண்டபம்_தம்பி:
டீசல்காரர் ஞாயித்துக்கிழமை லிஃப்ட்ல ஏத்திப் பார்க்கச் சம்மதிச்சிருக்காருண்ணே.

பாம்பன்_பட்டறை:
நீ போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிரு. பானட்டைத் தொட்டுப் பாரு, சூடா இருந்தா ஆற விட்டுத்தான் சாவியைத் திருப்பணும், ஆறின இன்ஜின்லதான் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியும்.

உச்சிப்புளி_டீசல்:
அடி சுத்தமா இருந்து, சர்வீஸ் பதிவும் ஒத்து வந்தா 4.20-க்குக் கேளு தம்பி. கொடுப்பாரு.

கீழக்கரை_காக்கா:
4.10-க்கு மேல ஒரு ரூபாய் கொடுக்காத. கொடுக்கலைன்னா பெட்ரோல்காரருக்கு போனைப் போடு.