ரூட் பண்ணதும் வைஃபை செத்துப்போச்சு: உங்களுக்கு என்ன ஆச்சு?

சும்மா கிடந்த பழைய போன், ஆண்ட்ராய்டு 12. ரூட் பண்ணலாம்னு, அதாவது போனோட முழு அதிகாரத்தையும் கையில எடுக்கலாம்னு இறங்கினேன். டேட்டா அழியும்னு தெரிஞ்சே பூட்லோடரை (ஆன் பண்ணதும் ஆண்ட்ராய்டை ஏத்தி விடுற புரோகிராம்) அன்லாக் பண்ணேன். கம்பெனியோட ஸ்டாக் ராம்ல (ROM, முழு சிஸ்டம் ஃபைல்) இருந்து பூட் இமேஜை (போனைக் கிளப்புற ஃபைல்) எடுத்து, மேஜிஸ்க்ங்கிற ரூட் ஆப்ல பேட்ச் பண்ணி (ரூட்டுக்காகத் திருத்தி), கம்ப்யூட்டர்ல இருந்து ஃபாஸ்ட்பூட் கட்டளையில போன்ல ஏத்தினேன். ரூட் கிடைச்சுடுச்சு. ஆனா வைஃபையை ஆன் பண்ணா அடுத்த நொடியே ஆஃப் ஆகுது.

சர்வீஸ் கடையில காட்டினா போர்டு மாத்தணும்னாங்க. நம்பிட்டேன். ரெண்டு நாள் ரீசெட் மேல ரீசெட் அடிச்சுட்டு, மூணாவது நாள்தான் போனோட பில்ட் நம்பரையும் (சிஸ்டம் பதிப்பு எண்) ராமோட பில்ட் நம்பரையும் எழுத்தெழுத்தா ஒப்பிட்டேன். கடைசி ரெண்டு எண் வேற! நான் ராமை இறக்கி வெச்ச பிறகு போன் ஒரு அப்டேட் வாங்கியிருக்கு. பூட் இமேஜ்ல இருக்கிறது கர்னல், சிஸ்டத்தோட மையப் பகுதி. வைஃபையை இயக்குற டிரைவர், வெண்டார் பார்ட்டிஷன்ல (சேமிப்புல தனியா ஒதுக்கின பகுதி) தனி மாட்யூலா, அதாவது தனித் துண்டா கிடக்கு. பதிப்பு ஒத்துப்போகலைன்னா கர்னல் அதை உள்ளேயே சேர்க்காது. அதே பில்டோட இமேஜைத் தேடிப்பிடிச்சுப் பேட்ச் பண்ணி ஏத்தினதும் வைஃபை வந்துடுச்சு.

இப்பல்லாம் எடுத்தவுடனே ஃபிளாஷ் பண்றதில்ல, அதாவது நிரந்தரமா ஏத்துறதில்ல. 'ஃபாஸ்ட்பூட் பூட்' கட்டளையில தற்காலிகமா ஓட்டிப் பார்த்து, வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் மூணும் சரின்னா மட்டும் மேஜிஸ்க் ஆப்ல 'டைரக்ட் இன்ஸ்டால்' குடுத்து நிரந்தரமாக்குவேன். (சில போன்ல இந்தக் கட்டளையையே பூட்டி வெச்சிருக்காங்க, என்ன பண்றது.)

— எனக்கு நேர் எதிர் அண்ணே. போன் ஜோரா ஆன் ஆகுது, ரூட்தான் இல்ல. பேட்ச் பண்ண பூட் இமேஜை மூணு தடவை ஏத்தியாச்சு. கடைசில பார்த்தா, ஆண்ட்ராய்டு 13-ஓடவே வெளிவந்த போன்ல ராம்டிஸ்க் (ஆன் ஆகும்போது முதல்ல மெமரில ஏறுற சின்ன ஃபைல் தொகுப்பு) 'இனிட் பூட்'ங்கிற தனி பார்ட்டிஷனுக்குப் போயிடுச்சு. மேஜிஸ்க் கை வைக்கிறது அந்த ராம்டிஸ்க்லதான். 12-ல வந்து 13-க்கு அப்டேட் ஆன போனுக்கு இது கிடையாது, பழைய பூட் இமேஜேதான்.

— நான் மாட்டினது மேஜிஸ்க் மாட்யூல்ல (டிரைவர் மாட்யூல் இல்ல, மேஜிஸ்க்ல கூடுதல் வசதிக்குப் போடுற தொகுப்பு). ஃபான்ட் மாத்துற மாட்யூல் ஒண்ணு போட்டேன், லோகோவைத் தாண்டவே இல்ல. சேஃப் மோட்ல ஒருதடவை ஏத்தினதும் மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் முடக்கிடுச்சு, தப்பிச்சேன்.

— அண்ணே, யுபிஐ ஆப் ஓடுதா?

— இல்ல தம்பி. பூட்லோடர் திறந்திருக்கிறதைப் பார்த்தே கதவைச் சாத்துது. மளிகைக் கடைக்குப் போனா வீட்டம்மா போன்தான்.