தேசிய சைக்கிள் பந்தய அணிக்கு ஒரு ஸ்பிரின்டரா, இரண்டா?

கேள்வி: உலகச் சாம்பியன்ஷிப் பாதை சமதளமாக இருந்தால் ஒரே ஸ்பிரின்டரை (கடைசி நேரத்தில் அதிவேகமாகப் பாய்ந்து வெல்பவரை) வைத்துக்கொண்டு மற்றவர்களை அவருக்காக உழைக்கவிடுவது நல்லதா, இல்லை இரண்டு பேரை எடுப்பதா?

பதில்: ஒருவர்தான். 2011 கோபன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரிட்டனின் மற்ற ஏழு பேரும் தங்கள் ஸ்பிரின்டர் கேவண்டிஷுக்காக நாள் முழுக்க முன்னால் ஓட்டி எதிர்க்காற்றைத் தாங்கினார்கள், கடைசியில் அவர் தடுப்பை ஒட்டிக் கிடைத்த இடுக்கில் நுழைந்து ஆஸ்திரேலியாவின் காஸை முந்தி வென்றார். இரண்டு பேர் என்றால் யாருக்கு யார் வழிவிடுவது?

இன்னொருவர் பதில்: அடுத்த வருடமே லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் அதே திட்டம் கவிழ்ந்ததே! அணிக்கு ஐந்து பேர்தான், முன்னே போன கும்பலைத் துரத்தப் போதுமான கால்கள் இல்லை, அந்தக் கும்பலில் இருந்த கஜகஸ்தானின் வினோகுரோவ் தங்கத்தைத் தட்டிச் சென்றார். ஆள் குறைந்தால் பிரேக்கில் (கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னே ஓடும் சிறு குழுவில்) போகக்கூடிய ஒருவரைக் கட்டாயம் சேர்ப்பேன்.

கேட்டவர்: சரி, அப்படியானால் முதலில் ஆள் கணக்கு, அப்புறம்தான் ஸ்பிரின்டர்.