பன்னீர் திராட்சையில் அடி இலை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். கவாத்து வெட்டி 50 நாள் ஆகிறது. அடி இலைகளில் நரம்பு பச்சையாகவே நிற்க, நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சள் விழுகிறது. கொழுந்து இலை நன்றாக இருக்கிறது. இரும்புச்சத்துக் குறை என்றால் கொழுந்தில்தானே முதலில் தெரியும்? அதனால் மக்னீசியம் என்று நினைக்கிறேன். பழம் இனிக்கட்டும் என்று போன முறை பொட்டாஷை அள்ளிப் போட்டேன், ஆசைதான். பொட்டாஷ் மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுக்காதாம்.

மக்னீசியம் சல்பேட்டை இலையில் தெளிப்பதா, வேரில் விடுவதா? 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை கிராம்? அப்புறம், இலைக்காம்புப் பரிசோதனைக்கு எத்தனையாவது இலையைக் கிள்ள வேண்டும்? கடைக்காரர் நுண்ணூட்டக் கலவையைத்தான் நீட்டுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.