கலை அனுபவக் குறிப்பு: 'அழகாக இருந்தது' என்பதைத் தாண்டி என்ன எழுதுவது?

கேள்வி:
கல்லூரிக்காக அருங்காட்சியகம், கேலரி, தெருச் சுவரோவியம் மூன்றையும் பார்த்து என் எதிர்வினையை எழுத வேண்டும். எழுதினால் விக்கிப்பீடியா சுருக்கம் மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
விவரப் பலகையை முதலில் படிப்பதுதான் தப்பு. படித்துவிட்டால் அது சொன்னதைத்தான் கண் தேடும். ஒரு படைப்பின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் கண்ணில் பட்டதை மட்டும் குறியுங்கள்: நிறம், கோடு, வெளிச்சம் வரும் திசை. பிறகு அது உங்களை என்ன செய்தது என்று. பலகை கடைசியில்தான். உங்கள் ஊகம் பொய்த்தாலும் அழிக்காதீர்கள், கட்டுரைக்குச் சரக்கே அந்த இடைவெளிதான். பென்சில் கொண்டுபோங்கள், பல இடங்களில் பேனாவுக்குத் தடை உண்டு.

பதில் 2:
அளவையும் எழுதுங்கள். மோனா லிசா 77க்கு 53 செ.மீ.தான். பிக்காசோ 1937இல் வரைந்த குவெர்னிக்கா ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம். போனில் இரண்டும் ஒரே அளவு! கிட்டே போய்த் தூரிகைத் தடம், தள்ளி நின்று முழுப்படம், இரண்டையும் பாருங்கள்.

பதில் 3:
சுவரோவியத்துக்குப் பெரும்பாலும் பலகை இருக்காது. கீழ் மூலையில் கையெழுத்து தேடுங்கள். சுவரை மட்டும் வெட்டிப் படமெடுக்காமல் கதவு, ஒயர், நடந்துபோகிறவர் எல்லாம் சேர்த்து எடுங்கள். தேதி அவசியம், வெயிலில் நிறம் மங்கும், மேலே வேறொருவர் வரைந்தும் விடலாம்.