தடமறிதல் வேறு, கொடிவழி வேறு

வணக்கம்.

உணவால் பரவும் நோய்களில் கிருமியின் மரபணுத்தொகையை வரிசைப்படுத்தி மூலத்தைத் தேடும் முறைக்கு தமிழில் ‘மரபணுத் தடமறிதல்’ என்று பெயர் வைக்கலாம் என எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தனித்தனி வேலைகளை அந்தச் சொல் ஒன்றாகக் குழப்பிவிடும்.

ஆய்வகத்தில் நடப்பதைப் பாருங்கள். வெவ்வேறு ஊர்களில் நோயுற்றவர்களிடம் எடுத்த லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை வளர்த்து, அதன் டி.என்.ஏ. முழுவதையும் படிக்கிறார்கள், சுமார் 30 லட்சம் எழுத்துகள். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கு இடையே நாலைந்து எழுத்துகள்தான் மாறியிருக்கின்றன என்றால் அவை அண்மையில் ஒரே தாயிடமிருந்து பிரிந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நூற்றுக்கணக்கில் மாறியிருந்தால், பெயர் ஒன்றானாலும் தூரத்து உறவு. இதில் தடம் எங்கே இருக்கிறது? உறவுமுறைதான் இருக்கிறது. யார் எதைத் தின்றார், அது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று மரபணு மட்டும் சொல்லிவிடாது.

அதைச் சொல்வதுதான் தடமறிதல்: நோயாளிகளை விசாரித்து, ரசீதையும் சரக்குப் பதிவையும் பிடித்துக்கொண்டு கடை, கிடங்கு, ஆலை, பண்ணை என்று பின்னோக்கிப் போவது. 2011இல் ஜெர்மனியில் தொடங்கி 50க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் பரவலில், பரவல் ஓயும் முன்பே கிருமியின் மரபணுத்தொகையைப் படித்து வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் நோய்க்கு மூலம் முளைகட்டிய வெந்தயம் என்று கண்டுபிடித்தது அது அல்ல. உணவகங்களில் யார் எதைச் சாப்பிட்டார் என்ற விசாரணையும் விநியோகப் பதிவுகளும்தான் எகிப்திலிருந்து வந்த விதை வரை கொண்டுபோயின. அதற்குள் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்து, அதிலிருந்த கிருமி நோயாளிகளுடையதோடு பொருந்தவில்லை என்று தெரிய வந்தது தனிக்கதை.

தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் 1,000க்கும் மேற்பட்டோருக்கு லிஸ்டீரியா வந்தபோது இரண்டும் கைகோத்தன. பெரும்பாலானோரிடம் இருந்தது ஒரே வகை என்று வரிசைப்படுத்தல் காட்டியது. நோயுற்ற சில குழந்தைகள் சாப்பிட்ட பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியைப் பின்தொடர்ந்து ஆலைக்குப் போனார்கள். அங்கே எடுத்த கிருமியும் அதே வகை.

அதனால் என் பரிந்துரை ‘கொடிவழி’. யார் யாருக்குப் பங்காளி என்று காட்டும் கொடிவழிப் பட்டியல் நாம் அறிந்ததுதானே, கிருமிக்கும் அதையேதான் இங்கே வரைகிறார்கள். ‘மரபுவழி’ என்றால் பரம்பரை நோய் என்று படிப்பவர் நினைப்பார். ‘கால்வழி’ அழகான சொல், எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அது மேலிருந்து கீழே இறங்கும் சந்ததியைத்தான் சொல்கிறது, பக்கத்துக் கிளைகளை ஒப்பிடுவதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. கொடிவழியிலிருந்து மற்ற சொற்களும் தானாக வரும்: கொடிவழி ஒப்பீடு, கொடிவழித் தொலைவு (எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்பது), கொடிவழித் திரள் (நெருங்கிய உறவுள்ள கிருமிகளின் கூட்டம்). அப்புறம், ‘நோய் வெடிப்பு’ என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுவோம், ‘பரவல்’ போதும்.

ஒரு சொல் சரியா என்று பார்க்க நான் அதை ஒரு மருத்துவ அதிகாரியின் அறிக்கையில் வைத்துப் பார்ப்பேன். “கொடிவழி ஒப்பீட்டில் பதினான்கு பேரும் ஒரே திரள். தடமறிதல் இன்னும் முடியவில்லை.” இரண்டுக்கும் ‘தடமறிதல்’ என்றே போட்டு இதை எழுதிப் பாருங்கள், எது முடிந்தது எது முடியவில்லை என்றே தெரியாது.