பழி விரல் மேல், கோளாறு கிட்டாரில்

இரண்டு வருஷமாக எனக்குக் கிட்டாரில் எஃப் கார்டு, அதாவது ஒரே விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற சுரக்கூட்டு, மட்டும் வரவே இல்லை. விரல் நுனி காய்த்துப்போனதுதான் மிச்சம். "உனக்கு விரல் குட்டைடா" என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். முதலில் போன கடையில் ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, இறுக்கிக் கொடுத்தார்கள். ஆக்‌ஷன் (கழுத்துக்கு மேலே கம்பி நிற்கும் உயரம்) துளிதான் இறங்கியது. முதல் மூன்று ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கம்பி ஜிர்ரென்று இரைய ஆரம்பித்தது.

அப்புறம் பாந்திராவில் வீட்டிலேயே வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். மாட்டுங்கா ரோடிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்தான். ஆனால் காலைக் கூட்டத்தில் கிட்டார் பையோடு ஏறுகிறவனுக்குக் கிடைக்கும் திட்டு இருக்கிறதே!

அவர் 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினார். தடித்த ஈ கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இரண்டரை போதுமாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்கிற கிளிப்பை மாட்டி, 14இல் அழுத்தி, நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தார். "ட்ரஸ் ராட் கழுத்து வளைவுக்குத்தான் பேட்டா, உயரத்துக்கு இல்லை" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே கால் சுற்று தளர்த்தினார். இரைச்சல் அதிலேயே போய்விட்டது.

உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டையான பிளாஸ்டிக் சாடிலைத் தூக்கிப் போட்டுவிட்டு எலும்பில் ஒன்று எடுத்தார். 12இல் 1 மில்லி இறங்க, சாடில் 2 மில்லி தேய வேண்டும். அடிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தார். அறை முழுக்கப் பல் டாக்டர் கிளினிக் வாசனை. மூன்று தடவை கம்பி மாட்டிப் பார்த்து, 2.8இல் நிறுத்திவிட்டார். ஜூலை ஈரத்தில் மேல்பலகை உப்பியிருக்குமாம். இப்போதே முழுக்கத் தேய்த்தால் குளிர்காலத்தில் பலகை இறங்கி மறுபடி இரையுமாம். டிசம்பரில் வரச் சொன்னார். புதுக் கம்பியோடு சேர்த்து 2,800 ரூபாய் ஆனது.

அன்று ராத்திரி எஃப் அடித்தேன், ஆறு கம்பியும் கேட்டது. அம்மா தீர்ப்பை மாற்றவில்லை.

இதைப் படித்துவிட்டுச் செம்பூரிலிருந்து ஒருவர் எழுதியது:

உங்களுக்குச் சாடிலில் தேய்க்க இடம் இருந்தது. என்னுடையதில் சாடில் ஏற்கெனவே அது செருகியிருக்கும் பிரிட்ஜ் கட்டையோடு ஒட்டிக் கிடந்தது, ஆக்‌ஷனோ ஏறக்குறைய 5 மில்லி. கழுத்தையே கழற்றிக் கோணம் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் கேட்ட கூலியில் அதே மாதிரி புதுசு ஒன்று வாங்கிவிடலாம். வாங்கிவிட்டேன். பழசில் இப்போது கம்பி மேல் குழாயை வழுக்கி ஸ்லைடு வாசிக்கிறேன், அதற்குக் கம்பி உயரமாக இருந்தால்தான் வசதி.